வெளிநாட்டுச் சிற்றூரில் ஒரு குடும்பத்துடன் தங்கித் தன்னார்வப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குச் சென்று, ஒரு சிற்றூரில், அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கித் தன்னார்வலராகப் பணியாற்ற விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. இத்தகைய பணிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வேலையில் ஈடுபட்டிருப்பவள் என்ற முறையில், விசா, செலவு, தடுப்பூசி ஆகியவை பற்றியே பெரும்பாலோர் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்கும் இங்கே விடை உண்டு. ஆனால் ஒருவருடைய வருகை அவ்வூருக்கு உதவியா சுமையா என்பது பெரும்பாலும் அவர் தங்கும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே வீட்டைப் பற்றிய விடைகள் சற்று நீண்டிருக்கும்.

இந்த வகைப் பணி எப்போது தொடங்கியது? யாரெல்லாம் நடத்துகிறார்கள்?

முதல் உலகப் போருக்குப் பின், 1920 ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்பவர், பிரான்சில் வெர்டன் அருகே போரில் சிதைந்துபோன எஸ்ன் என்னும் சிற்றூரைச் சீரமைக்க, அதே போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் தன்னார்வலர்களை ஒன்றுசேர்த்தார். சர்வதேச குடிமைச் சேவை என்னும் அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. பின்னர் 1958 இல் பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்னும் வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை அமைப்பு, 1961 இல் அமெரிக்க அரசின் பீஸ் கோர் என்னும் தன்னார்வலர் அமைப்பு, 1965 இல் ஜப்பானின் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டம், 1970 இல் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஆகியவை உருவாயின. இவற்றைத் தவிர, கட்டணம் பெற்றுக்கொண்டு அனுப்பும் தனியார் நிறுவனங்களும், நேரடியாகத் தன்னார்வலரை அழைக்கும் உள்ளூர் அமைப்புகளும் ஏராளம்.

பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே சேர்க்கிறது. ஜப்பானின் திட்டமும் அப்படியே. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பல நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் திட்டமான ஐரோப்பிய ஒற்றுமைப் படையின் தன்னார்வப் பணி 18 முதல் 30 வயது வரை உள்ளோருக்கானது. இயற்கை வேளாண் பண்ணைகளில் உழைத்து, அதற்கு ஈடாக உணவும் தங்குமிடமும் பெறும் வூஃப் முறை 1971 முதல் இருந்துவருகிறது; அது உழைப்பும் இருப்பிடமும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்பதால், ஊரார் கேட்டழைக்கும் பணியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு காலம் தங்க வேண்டும்?

பீஸ் கோர் தன்னார்வலரின் பணிக்காலம் 27 மாதங்கள். அதில் ஏறத்தாழ முதல் மூன்று மாதங்கள் பயிற்சிக்கே ஒதுக்கப்படுகின்றன. அந்த மாதங்களில் அவர் உள்ளூர்க் குடும்பம் ஒன்றுடன் தங்கி மொழியையும் நடைமுறைகளையும் கற்றுக்கொள்கிறார். முழுநேரப் பயிற்சியாளர்களை வைத்து நடத்தும் திட்டமே இவ்வளவு காலத்தைக் கற்பதற்கு ஒதுக்குகிறது என்றால், இரண்டு வாரத்தில் ஓர் ஊரை மாற்றிவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஆனாலும் குறுகிய காலப் பணி எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடைக்கு ஆள் பற்றாக்குறை, ஒரு கணக்குப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவது, பழுதான நீரேற்றும் கருவியைச் சரிசெய்து இருவருக்குக் கற்றுக்கொடுப்பது போன்ற, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த வேலைக்கு மூன்று வாரம் போதுமானதாக இருக்கலாம். மனிதர்களின் நம்பிக்கையைச் சார்ந்த வேலைக்கு அது போதாது. வகுப்பறை, மருத்துவம், மகளிர் குழு ஆகியவற்றில் குறைந்தது ஆறு மாதங்களாவது இருக்க முடியாதவர்கள், அந்த வேலையைச் செய்யும் உள்ளூர்க்காரருக்குத் துணையாக இருப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஊதியமில்லாமல் உழைக்கப் போகும் நான் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?

நீங்கள் போவதால் ஒரு செலவு ஏற்படுகிறது. யாராவது அதை ஏற்றாக வேண்டும் என்பதே நேர்மையான பதில். அரசுத் திட்டங்களில் அதை வரிப்பணம் ஏற்கிறது. தனியார் திட்டங்களில் நீங்கள் ஏற்கிறீர்கள். உணவு, விறகு அல்லது எரிவாயு, தண்ணீர், விமான நிலையத்திலிருந்து அழைத்து வருதல், ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் என எல்லாமே அதில் அடங்கும். ஆகவே கட்டணம் கேட்பதாலேயே ஓர் அமைப்பு மோசமானது என்று ஆகிவிடாது.

கட்டணம் எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள். வீட்டாருக்கு வாரத்துக்கு எவ்வளவு, அது எந்த நாளில், யார் கையில் கொடுக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டால், நல்ல அமைப்பு தயங்காமல் பதில் தரும். ‘குடும்பங்கள் அன்பினால் தங்கவைக்கிறார்கள், பணம் வாங்குவதில்லை’ என்ற பதிலைக் கேட்டால் நான் எச்சரிக்கையாவேன். அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூடுதலாக ஒருவருக்குச் சமைப்பவரும், தண்ணீர் சுமப்பவரும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களே. அவர்களுடைய உழைப்பை இலவசமாகப் பெற்று, அதை உங்களிடம் விலைக்கு விற்பது முறையாகாது.

நல்ல அமைப்பை எப்படி அடையாளம் காண்பது?

இந்த வேலையைக் கேட்டது யார் என்பதே முதல் கேள்வி. ஊர்க் கூட்டம், பள்ளி நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு குறிப்பிட்ட பதில் வர வேண்டும். உங்களுக்கு முன் இருந்த தன்னார்வலர் என்ன செய்தார், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நீங்கள் கிளம்பியதும் அதை யார் தொடர்வார் என்பவை அடுத்த கேள்விகள். ஒரே சுவருக்கு ஆண்டுதோறும் புதிய குழு வந்து வண்ணம் பூசும் ஊர்கள் உண்டு. மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டாலே அத்தகைய திட்டங்கள் பிடிபட்டுவிடும்.

1968 ஆம் ஆண்டிலேயே, மெக்சிகோவின் சிற்றூர்களில் கோடைக்காலப் பணிக்காகத் திரண்ட அமெரிக்க மாணவர்களிடம் சிந்தனையாளர் இவான் இலிச் மிகக் கடுமையாகப் பேசினார்: பேசும் மொழியே தெரியாமல், அழைக்கப்படாமல் வரும் நல்லெண்ணம் ஊராருக்குத் தீங்காகவே முடியும், பார்க்கவும் கற்கவும் வாருங்கள், உதவ வராதீர்கள் என்பதே அதன் சாரம். அவர் சொன்னதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஊராரே வேண்டி அழைத்த பணிகள் பயன் தந்ததைப் பார்த்திருக்கிறேன். என்றாலும், புறப்படும் முன் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய விமர்சனம் அது.

இன்னொரு அடையாளமும் உண்டு. உங்களை அந்த அமைப்பு எவ்வளவு விசாரிக்கிறது? காவல்துறைச் சான்றிதழ், இரண்டு பரிந்துரையாளர்கள், நேர்காணல், உடல்நல விவரம் எதையும் கேட்காமல், பணம் வந்ததும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு, உங்களைப் போலவே வேறு எவரையும் அந்த வீட்டுக்குள் அனுப்பும்.

ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் தயக்கமே இல்லாமல் நான் சொல்லும் பதில் இதுதான்.

கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியதாகவும், அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்ததாகவும் யுனிசெஃப் 2011 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெளிநாட்டவரின் வருகையும் நன்கொடையும் பெருகியபோது, ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்டு இல்லங்களை நிரப்புவது வருமானத்துக்கு வழியானது. 2018 இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதன் கீழ் கருத்தில் கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இந்த இல்லங்களில் நடக்கும் சுற்றுலா, தன்னார்வப் பணி ஆகியவற்றின் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய முகத்தோடு ஒட்டிக்கொண்டு, பிறகு பிரியும் குழந்தைக்கு ஏற்படும் பாதிப்பு வேறு.

குழந்தைகளுக்கு உதவ உண்மையிலேயே விரும்பினால், அவர்கள் தங்கள் குடும்பத்துடனேயே இருந்து உள்ளூர்ப் பள்ளிக்குச் செல்ல வழிசெய்யும் அமைப்புகளைத் தேடுங்கள்.

எனக்குத் தனித்திறமை எதுவும் இல்லை. போகலாமா?

போகலாம், உங்கள் நாட்டில் எதைச் செய்ய உங்களுக்குத் தகுதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யாமலிருந்தால் போதும். மருத்துவ மாணவர் தனியாக ஊசி போடக் கூடாது. கட்டுமான வேலை தெரியாதவர் கூரை ஏறக் கூடாது. அவ்வூரில் கொத்தனார் இருக்கும்போது அவருடைய கூலியைப் பறித்து நீங்கள் இலவசமாகச் சுவர் எழுப்புவதும் உதவி ஆகாது. கணக்கு எழுதுதல், விண்ணப்பங்களைத் தயாரித்தல், கணினி, தட்டச்சு, வாகனப் பழுது, தையல், நாற்றங்கால் பராமரிப்பு என்று நீங்கள் திறமையாகக் கருதாத பலவும் சிற்றூர்களில் தேவைப்படுகின்றன. பட்டியலிட்டு அனுப்புங்கள், தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊராரிடம் விடுங்கள்.

சுற்றுலா விசாவில் போய்ப் பணியாற்றலாமா?

பல நாடுகளில் கூடாது. ஊதியம் இல்லை என்பதால் அது வேலை ஆகாது என்று நினைப்பது பரவலான தவறு. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ பணியாற்ற அனுமதி இல்லை. பிரிட்டனில் வருகையாளராகச் செல்பவர், பதிவுபெற்ற அறக்கட்டளையில் 30 நாட்களுக்கு மேற்படாமல் மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சம்பந்தப்பட்ட நாட்டின் தூதரகத்தில் நீங்களே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். ‘குடியேற்ற அதிகாரி கேட்டால் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள்’ என்று அறிவுறுத்தும் அமைப்போடு அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் நாடுகடத்தப்படுவது நீங்கள். ஆனால் காவல் நிலையத்துக்கு அலைவது உங்களைத் தங்கவைத்த வீட்டுக்காரர்.

உடல்நலத்துக்கு என்னென்ன முன்னேற்பாடுகள் தேவை?

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமான நாடுகளுக்குச் செல்வோர், ஊசி போட்ட 10 ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; 2016 ஜூலை முதல் அச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். டைஃபாய்டு, கல்லீரல் அழற்சி ஏ, டெட்டனஸ் ஆகியவை பற்றியும் கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியை உங்களுக்காக மட்டுமன்றி, நீங்கள் போகும் ஊர்க் குழந்தைகளுக்காகவும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோயை வெளியிலிருந்து கொண்டுபோகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வதைச் சிற்றூருக்குச் செல்வோருக்கு நான் வலியுறுத்துவேன். கடிபட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் முன்பே தடுப்பூசி போட்டவருக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்து தேவைப்படாது. தொலைதூர ஊர்களில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் அந்த மருந்துதான்.

மலேரியா உள்ள பகுதிக்கான மாத்திரைகளைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் சொல்லப்பட்ட நாட்கள் வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். குடிநீரை நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடமும், கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடமும் கொதிக்கவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்து, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தூய நீரில் சமமாகத் தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம்.

காப்பீட்டில், மருத்துவமனைக்கு விமானம் அல்லது வாகனம் மூலம் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். இரு சக்கர வாகன விபத்துக்கு என்ன நிபந்தனை என்பதையும் படியுங்கள். உரிய உரிமமோ தலைக்கவசமோ இல்லாமல் ஓட்டியவருக்குப் பல காப்பீடுகள் எதுவும் தராது. சிற்றூர்ச் சாலையில் தன்னார்வலருக்குக் காத்திருக்கும் பேராபத்து, பாம்பும் காய்ச்சலும் அல்ல, அந்த வாகனமே.

குடும்பம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது? எனக்குத் தனி அறை கிடைக்குமா?

உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும், பாதுகாப்பான கழிப்பறையும், படுக்கையும், கொசுவலையும் இருக்கின்றனவா என்று ஒருங்கிணைப்பாளர் நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேசியிருக்க வேண்டும்; குடும்பத் தலைவர் ஒப்புக்கொண்டார் என்பதற்காக, மருமகளும் மனமார ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தனி அறை பெரும்பாலும் கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இரண்டு அறை உள்ள வீட்டில் உங்களுக்கு ஒன்று தரப்பட்டால், மீதி எல்லோரும் மற்றொன்றில் படுக்கிறார்கள் என்றே பொருள். அதற்காக அறையை மறுக்க வேண்டியதில்லை. மறுத்தால் அவர்கள் வருந்தவும் கூடும். அறையில் அவர்களுடைய பெட்டியும் துணிகளும் இருந்தால், அவற்றை எடுக்க எந்நேரமும் கூச்சமில்லாமல் வரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 20 லிட்டர் கொள்ளும் பாத்திரம் நிரம்பினால் அதன் எடை 20 கிலோ. குழாய் இல்லாத ஊரில் அதை யாரோ ஒருவர் தூக்கி வருகிறார். நான் பார்வையிடச் சென்ற ஒரு வீட்டில், விருந்தினர் காலையில் இரண்டு வாளி நீரில் குளித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் மூத்த மகள், பள்ளிச் சீருடையை அணிந்துகொண்டே, இரண்டாம் முறையாகக் கிணற்றுக்குப் போனாள். தாய் கதவோரம் நின்று வாசலையும் மணியையும் மாறிமாறிப் பார்த்தார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை; விருந்தினருக்கு அது தெரியவும் இல்லை. வீட்டார் உங்களிடம் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே அவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு நீரில் குளிக்கிறார்கள் என்று கவனித்து, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் பங்கு நீரை நீங்களே சுமந்து வாருங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். சிறிய சூரியத் தகடும் மின்கலமும் உள்ள வீட்டில், உங்கள் மடிக்கணினியை ஒருமுறை முழுதாக ஏற்றினால், இரவில் பிள்ளைகள் படிக்கும் விளக்கு பாதியில் அணைந்துவிடலாம். கேட்டால் ‘தாராளமாக’ என்றுதான் சொல்வார்கள். கணினியைப் பள்ளியிலோ அலுவலகத்திலோ ஏற்றிக்கொள்ளுங்கள். செல்போனுக்குத் தனியாக ஒரு சிறிய சூரிய மின்னேற்றி எடுத்துச்செல்வது நல்லது.

வீட்டு வேலையில் பங்கெடுப்பதைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு. முதல் வாரத்தில் உங்களை எதையும் தொடவிட மாட்டார்கள். வற்புறுத்தி அடுக்களைக்குள் நுழைவதைவிட, அவர்கள் கீரை ஆயும்போதோ தானியம் புடைக்கும்போதோ அருகில் உட்கார்ந்து, ‘எனக்குக் கற்றுக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். கற்றுக்கொள்பவராக நீங்கள் இருந்தால் அவர்கள் கௌரவம் குறையாது. சில நாட்களில் வேலை தானாகவே உங்கள் கைக்கு வந்துசேரும். துணியை நீங்களே துவையுங்கள். உள்ளாடைகளை எங்கே உலர்த்துவது வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வீடு திரும்புவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். பலருக்கு இது கட்டுப்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் ஊரில் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் வரும்வரை சாப்பிடாமலோ உறங்காமலோ காத்திருப்பவர்களும் அவர்களே.

வீட்டாரை எந்த உறவுமுறை சொல்லி அழைப்பது என்று முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். பெயர் சொல்லி அழைப்பது சில இடங்களில் இயல்பு, சில இடங்களில் அவமதிப்பு.

உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால்?

ஒவ்வாமை இருந்தால், விண்ணப்பத்திலேயே எழுதி, உள்ளூர் மொழியில் அச்சிட்ட தாள் ஒன்றையும் எடுத்துச்செல்லுங்கள். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் குடும்பம் தேர்ந்தெடுக்கப்படும் முன்பே அதைச் சொல்ல வேண்டும்; வந்து இறங்கிய பிறகு சொன்னால், உங்களுக்காகச் சிறப்பாகச் சமைத்து வைத்தவருடைய முகம் வாடும். பிடிக்காத உணவைக் கொஞ்சமாக வாங்கி, உண்டு முடிப்பது நாகரிகம். உங்கள் தட்டில் மட்டும் முட்டையோ இறைச்சியோ தொடர்ந்து விழுகிறது, பிள்ளைகள் தட்டில் இல்லை என்று கண்டால், பேசாமல் இருக்காதீர்கள். எல்லோரும் உண்பதையே நானும் உண்ண விரும்புகிறேன் என்று ஒருங்கிணைப்பாளர் மூலம் சொல்லச்செய்யுங்கள். உங்கள் உணவுக்கான தொகை போதுமானதாக இருக்கிறதா என்றும் அப்போதே விசாரியுங்கள்.

பரிசு கொடுக்கலாமா? கடன் கேட்டால் என்ன செய்வது?

வரும்போது எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய சிறிய பொருள் ஒன்றும், உங்கள் குடும்பத்தின் புகைப்படங்களும் போதும். விலையுயர்ந்த செல்போனை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால், வீட்டுக்குள்ளும் அண்டை வீடுகளிலும் மனத்தாங்கல் எழும்; அடுத்து வரும் தன்னார்வலரிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

கடன் கேட்கப்படும். உங்கள் ஒரு மாதச் செலவு அவர்களுடைய ஓராண்டு வருமானத்துக்கு நெருங்கியதாக இருக்கக்கூடும்; கேட்பதில் தவறு எதுவும் இல்லை. தனிப்பட்ட முறையில் கொடுக்காமல், கோரிக்கையை உள்ளூர் அமைப்பிடம் எடுத்துச்செல்வதாகச் சொல்லி, அப்படியே எடுத்துச்செல்லுங்கள். ஒரு குழந்தை உயிருக்குப் போராடும்போது இந்த விதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்போது கொடுங்கள், கடனாக எழுதாமல் கொடுங்கள், ஒருங்கிணைப்பாளருக்கும் தெரிவியுங்கள்.

பெண்கள் தனியாகப் போவது பாதுகாப்பானதா?

பல பெண்கள் போய்வருகிறார்கள். நல்ல குடும்பம் கிடைத்தால், அதைவிடச் சிறந்த காவல் ஊரில் வேறு இல்லை. ஆயினும், வீட்டுக்குள்ளேயே தொந்தரவு நேரலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறைக்குள் அனுமதியின்றி வருவது, தொடுவது, தனியே வெளியே அழைப்பது, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது ஆகிய எதையும் ‘இது அவர்கள் வழக்கமோ’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கம் எது, வரம்புமீறல் எது என்று ஐயம் எழுந்தால், அவ்வூர்ப் பெண் ஒருவரிடம் கேளுங்கள். அவருடைய முகமே சொல்லிவிடும்.

காரணத்தை நிரூபிக்காமலேயே அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாறும் உரிமை உங்களுக்கு இருப்பதாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்றும், அது எடுக்கப்படாவிட்டால் வேறொன்றும் கையில் இருக்கட்டும். இதே உரிமை வீட்டாருக்கும் உண்டு: உங்கள் நடத்தை ஒத்துவராவிட்டால் உங்களை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் வழி இருக்க வேண்டும்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சில நாள் சமாளிக்கலாம், பணியாற்ற முடியாது. புறப்படும் முன்பே வணக்கம், நன்றி, போதும், வலிக்கிறது, எங்கே, எவ்வளவு, எனக்குப் புரியவில்லை என்பவற்றையும் எண்களையும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் ஆட்சிமொழியும் அவ்வூரின் பேச்சுமொழியும் வேறாக இருக்கலாம். வீட்டில் எது பேசுகிறார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகள் மிகச்சிறந்த ஆசிரியர்கள். அவர்கள் உங்கள் பிழையைப் பார்த்துச் சிரிப்பார்கள், உடனே திருத்தவும் செய்வார்கள். மொழிபெயர்ப்புச் செயலியை மருத்துவமனைக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அதை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் செய்ய வேலையே இல்லை என்றால்?

அது இயல்பே. பண்பாட்டு அதிர்ச்சி பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960 இல் வெளியிட்ட கட்டுரையில், தொடக்க வியப்பு, பிறகு எரிச்சலும் வெறுப்பும் மிகுந்த நெருக்கடி, பிறகு மெல்லத் தேறுதல், இறுதியில் ஒத்துப்போதல் என்ற வரிசையை விவரித்தார். எல்லோருக்கும் இதே வரிசையில் நிகழ்வதில்லை. ஆனால் நெருக்கடி நாட்களில் ‘இந்த ஊரே சரியில்லை’ என்று தோன்றுவதை மட்டும் ஏறத்தாழ எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன்.

வேலை கேட்டு ஒருங்கிணைப்பாளரை நச்சரிக்காமல், ஊரை அறியும் வேலையில் இறங்குங்கள். எந்தக் கிணறு எப்போது வற்றும், பள்ளி ஆசிரியர் எந்த நாட்களில் வருவார், சந்தை நாள் எது, யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்பதெல்லாம் தெரியாமல் தொடங்கப்பட்ட திட்டங்கள்தாம் பாதியில் நிற்கின்றன. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் நடந்து போங்கள். இரண்டாம் வாரத்தில் யாராவது உட்காரச் சொல்வார்கள்.

புகைப்படம் எடுத்துப் பகிரலாமா?

கேட்டு எடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். வீட்டின் உட்புறம், நோயாளி, குளிக்கும் இடம், அழுக்கு உடையில் இருக்கும் பிள்ளை ஆகியவை வேண்டாம். ஊரின் பெயரோடு குழந்தையின் முகத்தைப் பொதுவெளியில் இடக் கூடாது. படத்தின் கீழே நீங்கள் எழுதும் வரியை வீட்டாருக்கு அவர்கள் மொழியில் படித்துக்காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கூசினால் அதை இடாதீர்கள். எடுத்த படங்களை அச்சிட்டுக் கொடுத்தால் அவர்கள் மிகவும் மகிழ்வார்கள்.

பணி முடிந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

கடைசி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். செய்து வந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் உங்கள் முன்னிலையில் சில வாரம் தனியாகச் செய்யட்டும். எங்கே தடுமாறுகிறார் என்று அப்போதுதான் தெரியும். சாவிகள், கடவுச்சொற்கள், கணக்கு, பொருள் பட்டியல் அனைத்தையும் எழுதி, சாட்சி வைத்து ஒப்படையுங்கள். வீட்டாருக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் சேர்ந்துவிட்டதா என்று அவர்களிடமே நேரில் கேளுங்கள். சேரவில்லை என்றால், நீங்கள் அங்கே இருக்கும்போதே அதைப் பெற்றுத்தருவது எளிது.

‘அடுத்த ஆண்டு வருவேன்’, ‘உங்கள் மகனை அழைத்துக்கொள்வேன்’ என்று பிரிவின் கனத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவேன் என்பது போன்ற, நிச்சயமாக நிறைவேற்றக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மலேரியா உள்ள பகுதியிலிருந்து வந்தவருக்கு, ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் கண்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சென்று, எந்த நாட்டில், எந்தப் பகுதியில் தங்கியிருந்தீர்கள் என்று கேட்கப்படாமலேயே சொல்ல வேண்டும். தடுப்பு மாத்திரை உட்கொண்டிருந்தாலும் இது பொருந்தும். மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும், ஏரி, குளங்களில் இறங்கியிருந்தால், நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயான நத்தைக் காய்ச்சல் பற்றிய ஆலோசனையும் தேவை. உங்களுக்கு ஏதேனும் தொற்று இருப்பதாகத் தெரியவந்தால், உடனே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவியுங்கள்: அதே நீரைக் குடித்து, அதே கூரையின் கீழ் உறங்கிய வீட்டாருக்கும் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.